குசினிச் சட்டியில் இருந்து நூறு லீற்றர் வரை: வன்னியில் ஒரு ஜிஞ்சர் பியர் பட்டறை

பெயரிலேயே பியர் இருக்கிறது என்பதால் முதலில் அந்தக் கதையை முடித்துவிடுவோம். நான் இந்த வேலையைப் பழகியது ரொறன்ரோவில், மாமா வீட்டுக் கராஜில். அங்கே சொந்தக் குடிப்புக்கு வீட்டில் பியர் காய்ச்சலாம், சட்டம் விடுகிறது. சனிக்கிழமை என்றால் மாமாவும் நானும் 20 லீற்றர் சட்டியை ஏற்றி, இடித்த மோல்ட்டை, அதாவது முளைகட்டிக் காயவைத்த பார்லியை, 66 பாகைச் சூட்டில் ஒரு மணி நேரம் ஊறவிட்டு, வடித்து, கசப்புக்கு ஹொப்ஸ் என்ற பூவைப் போட்டுக் கொதிக்கவைத்து, ஆறவைத்து, இரவே ஈஸ்ட் போடுவோம். ஊருக்குத் திரும்பியதும் கிளிநொச்சி வளவுக்குள் ஒரு கொட்டில் போட்டு இதையே தொழிலாகச் செய்யலாம் என்று வந்தவன்தான் நான். வெளிநாடுகளில் நானோ ப்ரூவரி என்று இதற்கு ஒரு பெயரே இருக்கிறது, ஒரு தடவைக்கு 3 அமெரிக்கப் பீப்பாய், அதாவது 350 லீற்றருக்கு உள்ளே காய்ச்சுகிற சின்னப் பட்டறை.

இங்கே 1912ஆம் ஆண்டின் 8ஆம் இலக்க மதுவரிக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மதுபானம் தயாரிப்பது குற்றம், வீட்டில் குடிக்கத்தானே என்று சொல்லித் தப்ப முடியாது. விசாரிக்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி சிரித்தார். "தம்பி, கசிப்புக் கேஸ் எழுதி எழுதியே எங்களுக்குக் கை நோகுது, நீர் பியரோட வாறீர்." பியர் உரிமம் பெரிய முதல் உள்ள கொம்பனிகளுக்கான விசயம் என்று அன்றைக்கே விளங்கிவிட்டது. அதோடு கசிப்பு என்கிற கள்ளச் சாராயத்தால் உடைந்த வீடுகள் எங்கள் ஒழுங்கையிலேயே இருக்கும்போது இன்னொரு போத்தலைக் கொண்டுவந்து வைக்க எனக்கும் மனம் வரவில்லை. ஆனால் கையில் இருந்த பழக்கம் அப்படியே இருந்தது: தண்ணீர், சூடு, சுத்தம், ஈஸ்ட், வாயு. இவ்வளவையும் அப்படியே பாவிக்கக்கூடிய, பிள்ளைகளும் குடிக்கக்கூடிய சாமான் ஒன்று இருக்கிறது, அதுதான் இஞ்சி. எலிபன்ட் ஹவுஸ் ஜிஞ்சர் பியர் குடிக்காமல் இந்த நாட்டில் யார் வளர்ந்தது?

கீழே சொல்வதெல்லாம் நான் பிழைவிட்டுப் பழகிய வரிசைதான். நீங்கள் அந்தப் பிழைகளை விடாமல் போகலாம்.

முதல் 20 லீற்றர்

வாங்கவேண்டியது: 25 லீற்றர் பிடிக்கிற எவர்சில்வர் சட்டி (அலுமினியம் வேண்டாம், காரணம் பிறகு), உணவுக்கு உகந்த பிளாஸ்டிக் வாளி இரண்டு, வடிதுணி, வெப்பமானி, ஹைட்ரோமீற்றர் (தண்ணீரை 1.000 என்று வைத்து அடர்த்தி காட்டுவது, சீனி கூடினால் எண் ஏறும்), கிராம் கணக்குக் காட்டும் தராசு, பி.எச். தாள் அல்லது மீற்றர் (புளிப்பு அளக்க, புளிப்பு கூடினால் எண் இறங்கும்), அப்புறம் ஒரு சீ.ஆர். கொப்பி. கொப்பியைப் பகிடிக்குச் சொல்லவில்லை. எந்தத் திகதி, எந்தக் கடை இஞ்சி, எத்தனை பாகை, எத்தனை மணிக்கு ஈஸ்ட் போட்டது, எல்லாம் எழுதவேண்டும். ஒரு தடவை காய்ச்சுவதைத் தொகுதி என்போம், எழுதாத தொகுதி நன்றாக வந்தாலும் பிரயோசனம் இல்லை, அதைத் திரும்பச் செய்யமாட்டீர்கள்.

அளவு இது. இஞ்சி 1.2 கிலோ, சீனி 1.4 கிலோ, பனங்கட்டி 400 கிராம், தேசிக்காய்ச் சாறு 600 மில்லிலீற்றர், கறுவாப்பட்டை ஒரு துண்டு, வெதுப்பகத்துக்காரர் பாவிக்கிற உலர் ஈஸ்ட் 5 கிராம். பள்ளிக்கூடத்தில் மதுவம் என்று படித்தோமே, அதேதான்.

இஞ்சியைப் பாதியாகப் பிரியுங்கள். ஒரு பாதியை மெல்லிதாகச் சீவி 6 லீற்றர் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவைக்கவேண்டும். மற்றப் பாதியைத் துருவிப் பிழிந்து சாறாக எடுத்து ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அடியில் வெள்ளையாக மா இறங்கும், மேலே உள்ள சாறை மட்டும் ஊற்றி எடுத்து பிரிட்ஜில் வைத்துவிட்டு மாவைக் கழித்துவிடுங்கள். ஏன் இரண்டு விதம் என்றால், பச்சை இஞ்சியின் உறைப்புக்குக் காரணமான ஜிஞ்சரோல் கொதிக்கக் கொதிக்க ஜிஞ்சரோன் என்ற மெதுவான பொருளாக மாறுகிறது. முழுவதையும் கொதிக்கவைத்தால் வாசம் இருக்கும், தொண்டையில் பிடிக்கிற அந்த அடி இருக்காது. முழுவதையும் பச்சையாக விட்டால் அடி இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது. வேர்க்கொம்பு சேர்க்கலாமா என்று ஒருவர் கேட்டார். சேர்க்கலாம், ஆனால் காயும்போது ஜிஞ்சரோல் அதைவிட உறைப்பான ஷோகாவோலாக மாறுவதால் கொஞ்சம் கூடினாலும் இருமல் மருந்துபோல ஆகிவிடும்.

கொதித்த தண்ணீரில் சீனியையும் பனங்கட்டியையும் கரைத்து, துணியால் வடித்து, தேசிக்காய்ச் சாறும் கொதித்தாறிய தண்ணீரும் சேர்த்து 20 லீற்றர் ஆக்குங்கள். பனங்கட்டியில் கவனம் வேண்டும். கருப்பநீர் இறக்கும்போது புளிக்காமல் இருக்க முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுவார்கள், அதில் மிச்சம் கட்டியிலும் இருக்கும், அது தேசிக்காய்ப் புளியை முறித்துவிடும். ஒவ்வொரு வீட்டுப் பனங்கட்டியும் ஒவ்வொரு விதம். அதனால்தான் சாறு 600 என்று எழுதினாலும் கடைசியில் பி.எச். பார்த்துத்தான் முடிவு செய்யவேண்டும். 3.5 ஐச் சுற்றி இருக்கட்டும், எந்தக் காரணத்துக்காகவும் 4 க்கு மேலே விடாதீர்கள்.

ஹைட்ரோமீற்றரை மிதக்கவிட்டால் 1.035 கிட்டக் காட்டும். சூடு 32 பாகைக்கு இறங்கியதும் ஈஸ்ட்டை வெதுவெதுப்பான நீரில் கரைத்து ஊற்றி, துணியால் மூடிக் கட்டிவிடுங்கள். வன்னி வெயிலில் 5 முதல் 8 மணித்தியாலத்துக்குள் மேலே நுரை கட்டும், கிட்டப் போனால் சட்டி மெல்லச் சீறுவது கேட்கும். மீற்றர் 1.033 க்கு இறங்கியதும் நிறுத்தவேண்டும். அதற்குள் உண்டாகிற அற்ககோல் 0.3 சதவீதத்துக்குள் நிற்கும், ஆனால் அந்தப் பழைய காலத்து நொதித்த வாசம் வந்துவிடும். பிரிட்ஜில் இருக்கிற பச்சைச் சாறை இப்போது சேர்த்து, மொத்தத்தையும் 80 பாகைக்குச் சூடாக்கி 10 நிமிடம் வைத்தால் ஈஸ்ட் செத்துவிடும். பிறகு ஆறவைத்து, நன்றாகக் குளிரவைத்து, வாயு ஏற்றுவது.

ஈஸ்ட்டை ஏன் கொல்லவேண்டும்

பழைய சமையல் குறிப்புகளில் போத்தலுக்குள் ஈஸ்ட்டோடு அடைத்து அதுவாகவே வாயு பிடிக்கவிடச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் குடிக்க, பிளாஸ்டிக் போத்தலில், ஒரே நாளில் பிரிட்ஜுக்குள் வைத்து முடிப்பதென்றால் சரி. விற்பனைக்கு வேண்டவே வேண்டாம்.

கணக்கு இதுதான். ஒரு லீற்றரில் 4 கிராம் சீனி நொதித்தால் கிட்டத்தட்ட ஒரு லீற்றர் காபனீரொட்சைட்டு உண்டாகும். சாதாரண சோடாவில் ஒரு லீற்றருக்கு 3 முதல் 4 லீற்றர் வாயுதான் இருக்கிறது. எங்கள் சாமானில் 90 கிராம் சீனி இருக்கிறது. ஈஸ்ட் உயிரோடு இருந்து அவ்வளவையும் தின்றால் 20 லீற்றருக்கு மேல் வாயு, அதைத் தாங்குகிற கண்ணாடிப் போத்தல் கிடையாது. பிரிட்ஜில் வைத்தால் ஈஸ்ட் தூங்கும், சாகாது. பெட்டிக்கடைக்காரர் இரவு பிரிட்ஜை நிற்பாட்டினால் அது எழும்பிவிடும்.

இந்தக் கணக்கு எனக்கு அப்போதும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தேன். முதல் வருடம் சித்திரையில், கண்ணாடிப் போத்தலில் அழகாக இருக்கிறது என்று 24 போத்தல் அடைத்து, மறுநாள் காலை பிரிட்ஜுக்கு மாற்றலாம் என்று தகரக் கொட்டிலுக்குள் வைத்துவிட்டு, ஒரு செத்தவீட்டுக்கு முல்லைத்தீவுப் பக்கம் போய் இரண்டு நாள் நின்றுவிட்டேன். இரண்டாம் நாள் இரவு வெடிக்கத் தொடங்கியது. முதலில் ஒன்று, கொஞ்சம் பொறுத்து இரண்டு, அப்புறம் வரிசையாக, தகரத்தில் கண்ணாடி பறந்து அடிக்கிற சத்தத்தோடு.

வேறு ஊர் என்றால் இது சிரித்துவிட்டுப் போகிற கதை. இது வன்னி. பக்கத்து வளவு ஆச்சி புதுக்குடியிருப்புப் பக்கத்தில் இருந்து 2009 இல் எல்லாம் விட்டு வந்தவர். பேரன் எழும்பிப் பார்த்தபோது ஆச்சி பாயில் இல்லை. கிணற்றுக்கட்டோடு ஒட்டி, தலையைக் கைகளால் மூடிக்கொண்டு குப்புறக் கிடந்திருக்கிறார். நான் வந்து மன்னிப்புக் கேட்கப் போனபோது, "போத்திலோ மோனே, நான் பிழையா நினைச்சிட்டன்" என்று அவர்தான் எனக்குச் சமாதானம் சொன்னார். கொட்டிலைக் கூட்ட ஒரு நாள் எடுத்தது. கூரைத் தகரத்தின் உட்பக்கம் ஒரு துண்டுக் கண்ணாடி குத்திக்கொண்டு நின்றது, அதை நான் இன்னும் கழற்றவில்லை.

அதற்குப் பிறகு என் பட்டறையில் உயிருள்ள ஈஸ்ட்டோடு ஒரு போத்தலும் மூடப்படுவதில்லை.

எப்போது பெரிதாக்குவது

மூன்று தொகுதி, ஒன்றுக்குப் பின் ஒன்று, ஒரே சுவையாக வந்த பிறகு. அதற்கு முன் ஒரு வாளிகூட மேலதிகமாக வாங்காதீர்கள். இதில் நான் கறார். கடன் எடுத்துப் பெரிய தாங்கி வாங்கிவைத்துவிட்டு, ஒரு நாள் உறைப்பு, ஒரு நாள் சப்பு என்று விற்றால், ஏமாந்த ஆள் இரண்டாம் தடவை வரமாட்டார், ஊரும் சின்னது. ஒரே சுவையா என்று நீங்களே குடித்துப் பார்த்துச் சொல்லக்கூடாது. மூன்று தொகுதியிலும் ஒவ்வொரு போத்தல் எடுத்து, அடையாளம் மறைத்து, ஐந்தாறு பேருக்குக் கொடுங்கள். எது எது என்று பிரித்துச் சொல்லிவிட்டார்களா, திரும்பக் குசினிக்குப் போங்கள். எனக்கு இது ஏழு மாதம் எடுத்தது. பிழை இஞ்சியில் இருந்தது: கடையில் ஒரு கிழமை கிடந்து வாடிய இஞ்சியும், ஈரமாக வந்த இஞ்சியும் நிறையில் ஒன்று, சாற்றில் ஒன்றல்ல.

தண்ணீர்

வன்னித் தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கேத்தலில் இரண்டு கிழமை கொதிக்கவைத்தால் உள்ளே சுண்ணாம்பு வெள்ளையாக ஓடு கட்டும். அந்தக் காரத்தன்மை, தேசிக்காய்ப் புளியைக் குடித்துவிடும், சாறு கூடக் கூட விட்டும் பானம் மந்தமாகவே இருக்கும். நான் ஆரம்பத்தில் இதை இஞ்சியின் பிழை என்று நினைத்து இஞ்சியைக் கூட்டிக்கொண்டே போனேன். வவுனியா போன்ற இடங்களில் சிறுநீரக நோய்ப் பயத்தால் ஊருக்கு ஊர் ஆர்.ஓ. (நுண்சவ்வால் வடிகட்டிச் சுத்தமாக்கும்) குடிநீர் நிலையங்கள் இருக்கின்றன. தொடக்கத்தில் அங்கே வாங்கிப் பாவியுங்கள், மாதம் ஆயிரம் லீற்றரைத் தாண்டும்போது சொந்தமாக ஒரு சின்ன ஆர்.ஓ. போடலாம். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் இருக்கும். அதைப் போக்காமல் பாவித்தால் மருந்துக்கடை வாசம் ஒன்று வரும், எவ்வளவு இஞ்சி போட்டாலும் போகாது. கொதிக்கவைத்து ஆறவிட்டால் போய்விடும்.

எதுவானாலும் ஒரு தடவை ஆய்வுகூடத்தில் கொடுத்துத் தண்ணீரைப் பரிசோதித்து அறிக்கையை வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வரும்போது முதலில் கேட்பது அதைத்தான். பி.எச். உம் பி.எச்.ஐ. உம் சரியாக இருந்தால் பாதித் தொழில் முடிந்தது.

20 ஐ 5 ஆல் பெருக்கினால் 100 வராது

சீனியையும் இஞ்சியையும் பெருக்கலாம். சூட்டைப் பெருக்க முடியாது. அளவு ஐந்து மடங்கு ஆகும்போது சட்டியின் மேற்பரப்பு மூன்று மடங்குகூட ஆவதில்லை. 20 லீற்றர் சட்டியைத் தொட்டித் தண்ணீருக்குள் வைத்தால் ஒரு மணி நேரத்தில் ஆறியது, 100 லீற்றர் கிடாரம் விடியும்வரை கைபொறுக்கிற சூட்டிலேயே நின்றது. அந்த இளஞ்சூடுதான் கிருமிக்குச் சொர்க்கம். மாமா வீட்டில் செப்புக் குழாய்ச் சுருளுக்குள்ளால் குழாய்த் தண்ணீரை ஓடவிட்டு 20 நிமிடத்தில் ஆற்றுவோம், அங்கே குழாய்த் தண்ணீர் ஐஸ் மாதிரி வரும். இங்கே கிணற்றுத் தண்ணீரே 28 பாகை, அதற்குக் கீழே அந்தச் சுருள் எதையும் இறக்காது. 19ஆம் நூற்றாண்டில் வெள்ளைக்காரர் இந்த நாட்டில் பியர் காய்ச்சப் போன இடம் நுவரெலியா என்றால் சும்மா இல்லை.

ஆகவே முறையை மாற்றவேண்டும். 100 லீற்றருக்கு நான் இப்போது செய்வது: 30 லீற்றரை மட்டும் காய்ச்சுவது. அதில், சீனியும் பனங்கட்டியுமாக மொத்தம் 9 கிலோவில் மூன்றில் ஒன்றை, அதாவது 3 கிலோ சீனியைப் போட்டு, ஈஸ்ட் விட்டு, 1.038 இல் இருந்து 1.030 வரை நொதிக்கவிடுகிறேன். அந்தப் பகுதியில் அற்ககோல் ஒரு சதவீதத்தைத் தொட்டாலும் 100 லீற்றரில் கலந்ததும் 0.3 தான். பிறகு மிச்சச் சீனி, பனங்கட்டி, பச்சை இஞ்சிச் சாறு எல்லாம் அதற்குள்ளேயே போட்டு 85 பாகைக்குச் சூடாக்கி 10 நிமிடம். அதற்கிடையில், முதல் நாளே கொதிக்கவைத்து மூடிய கான்களில் 10 பாகைக்குக் குளிரவைத்த 70 லீற்றர் தண்ணீர் ஆயத்தமாக இருக்கும். இரண்டையும் கலந்தால் 32, 33 பாகையில் வந்து நிற்கும், நிமிடக் கணக்கில். தேசிக்காய்ச் சாறையும் கொதித் தண்ணீரில் காட்டியே சேர்க்கவேண்டும், பச்சையாகப் பிறகு ஊற்றினால் கொன்ற கிருமியைத் திரும்பக் கூப்பிட்டதாகிவிடும்.

குளிர்ப்பெட்டிக்கு நான் பாவிப்பது பழைய ஐஸ்கிறீம் பெட்டி ஒன்று, வெளியே ஒரு தெர்மோஸ்டாற் பூட்டியது. கரண்ட் நின்றால் மீன் வாடிக்கு ஐஸ் கொண்டுபோகிற ஆளிடம் இரண்டு கட்டி வாங்கி கான்களைச் சுற்றிப் போடலாம், உள்ளே போடக்கூடாது.

கழுவுவது

பியர் காய்ச்சுகிறவர்கள் சொல்வதுண்டு, வேலையில் முக்கால்வாசி கழுவுவதுதான் என்று. உண்மை. இதில் இரண்டு படி உண்டு, சனம் ஒன்றாக்கிவிடும். முதலில் அழுக்கெடுப்பது, பிறகு கிருமி கொல்வது. அழுக்கு இருக்கிற இடத்தில் எந்தக் கிருமிநாசினியும் வேலை செய்யாது.

அழுக்குக்குக் கோஸ்ரிக் சோடா, தண்ணீரில் 1 முதல் 2 சதவீதம், சூடாக. எப்போதும் தண்ணீருக்குள் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், சோடாவுக்கு மேலே தண்ணீர் ஊற்றினால் கொதித்து முகத்தில் அடிக்கும். கையுறை, கண்ணாடி இல்லாமல் தொடாதீர்கள். அலுமினியச் சட்டியில் விட்டால் அலுமினியத்தையே தின்று ஐதரசன் வாயு விடும், முதலிலேயே எவர்சில்வர் என்று சொன்னது இதற்குத்தான். போருக்கு முன்பு ஆனையிறவு உப்பில் இருந்து பரந்தனிலேயே கோஸ்ரிக் சோடா செய்தார்கள், இப்போது கொழும்பில் இருந்து வருகிறது. பரந்தன் சந்தியால் சோடா மூட்டையோடு போகும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

கிருமிக்கு, வசதி குறைந்த பட்டறையில் சூடு தண்ணீர்தான் ராசா. 80 பாகைக்கு மேல், 15 நிமிடம், குழாய், திருகாணி, வடி எல்லாம். சூடு தாங்காத பிளாஸ்டிக்குக்கு வாசம் சேர்க்காத ப்ளீச்சை மிக ஐதாகக் கரைத்துப் பாவித்து, கொதித்தாறிய தண்ணீரால் அலசுங்கள். எவர்சில்வரில் ப்ளீச்சை ஊறவிட்டால் குத்துக் குத்தாகத் துருப்பிடிக்கும். ப்ளீச்சையும் புளியையும், அது வினாகிரியோ தேசிக்காயோ, ஒரு வாளிக்குள் கலக்கவே கூடாது, குளோரின் வாயு வரும்.

நிலம் மீற்றருக்கு 2 சென்ரிமீற்றர் சரிவாக ஒரு மூலைக்கு ஓடவேண்டும். இது கொட்டில் கட்டும்போதே செய்யவேண்டியது, பிறகு செய்தால் இரட்டிப்புச் செலவு. சீனித் தண்ணீர் தேங்கினால் மறுநாள் எறும்பு, அடுத்த நாள் ஈ. கழிவு நீருக்குக் கிணற்றில் இருந்து தூரமாக ஊறுகுழி. இஞ்சிச் சக்கை பசளைக்கு.

வாயு ஏற்றுவது

குளிராக இருக்கும்போது மட்டும். 4 பாகைக் குளிரில் ஒரு லீற்றருக்கு 3 லீற்றர் வாயு பிடிக்க 1.3 பார் அளவு அமுக்கம் போதும், 30 பாகையில் அதே வாயுவுக்கு 3 பாருக்கு மேல் வேண்டும், மூடியைத் திறந்ததும் எல்லாம் நுரையாக வெளியே போய்விடும். 19 லீற்றர் எவர்சில்வர் கெக், அதாவது அமுக்கம் தாங்கும் பீப்பா, ஐந்து இருந்தால் 95 லீற்றர். உலகமெல்லாம் வீட்டில் பியர் காய்ச்சுகிறவர்கள் பாவிக்கிற இந்தக் கெக் உண்மையில் குளிர்பானக் கொம்பனிகளுக்காகச் செய்யப்பட்டது, பியர்க்காரர் பிறகுதான் எடுத்துக்கொண்டார்கள். ஆகவே எங்கள் சாமான்தான் அதற்குச் சொந்தக்காரன்.

கெக்கைக் குளிர்ப்பெட்டிக்குள் அதே அமுக்கத்தில் மூன்று நாள் விடுங்கள். அவசரப்பட்டு அமுக்கத்தைக் கூட்டிக் குலுக்கிச் செய்யலாம், நானும் திருவிழாக் காலத்தில் செய்வேன், ஆனால் ஒவ்வொரு கெக்கும் ஒவ்வொரு அளவில் நிற்கும். 100 லீற்றருக்குத் தேவையான வாயு 600 கிராம்தான், ஒழுக்கும் வீணும் சேர்த்து இரட்டிப்பாகவே கணக்குப் போடுங்கள். 10 கிலோ சிலிண்டர் எட்டுத் தொகுதிக்கு வரும். உணவுத்தர வாயு என்று கேட்டு வாங்கவேண்டும். சிலிண்டரை நிமிர்த்திச் சுவரோடு சங்கிலியால் கட்டுங்கள், ரெகுலேற்றர் இல்லாமல் திறக்காதீர்கள். இந்த வாயு காற்றைவிடப் பாரம், மூடிய அறையில் நிலத்தோடு தேங்கும், மணமும் இல்லை. கொட்டிலின் அடிப்பக்கத்தில் காற்றோட்டம் விட்டுத்தான் கட்டவேண்டும்.

போத்தல்? பிளாஸ்டிக், சோடாவுக்கென்று செய்த தடித்த வகை, புதியது. தண்ணீர்ப் போத்தல் இல்லை. குளிரான போத்தலுக்குள் அடிவரை குழாயை விட்டு மெதுவாக நிரப்பி, நுரை வாய்க்கு வந்ததும் மூடவேண்டும். 350 மில்லிலீற்றர் என்றால் 95 லீற்றருக்கு 270 சொச்சம் போத்தல். இரண்டு பேருக்கு ஒரு பின்னேர வேலை.

கடுதாசி வேலை

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் வரிசை தெரிந்தால் பயம் இல்லை. சாமானை விற்க முன்பே மதுவரித் திணைக்களத்துக்கு உங்கள் முறையையும் ஆய்வுகூட அற்ககோல் அளவையும் எழுதிக் கொடுத்து, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இஞ்சிதானே என்று விட்டால் பிறகு போத்தலில் பியர் என்று எழுதியிருக்கிறது என்று யாராவது கேட்பார்கள். பிரதேச செயலகத்தில் வியாபாரப் பெயர்ப் பதிவு. பிரதேச சபையில் வியாபார அனுமதி. 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் பி.எச்.ஐ. வந்து இடத்தைப் பார்ப்பார். அவர் வருவதற்கு முன் நீங்களே போய்க் கூட்டிவந்து, கட்டத் தொடங்கும்போதே காட்டுங்கள். எனக்கு யன்னல் வலையும் கை கழுவும் இடமும் எங்கே வரவேண்டும் என்று ஒரு பி.எச்.ஐ. சுண்ணக்கட்டியால் நிலத்தில் கீறிக் காட்டினார், ஒரு சதமும் வீண்போகவில்லை. சுற்றாடல் உரிமம் தேவையா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

லேபிளில் உள்ளடக்கம், அளவு, உற்பத்தி, காலாவதித் திகதிகள், மும்மொழி. 2016 இல் இருந்து குளிர்பானத்துக்குச் சீனி நிற அடையாளமும் உண்டு: 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் என்றால் சிவப்பு, 2 முதல் 11 வரை செம்மஞ்சள். எங்களுடையது 9, செம்மஞ்சள். ருசிக்காக இன்னும் கொஞ்சம் சீனி போடலாமே என்று மனம் சொல்லும்போது இந்த எல்லையை நினைத்துக்கொள்ளலாம். கெடாமல் இருக்கச் சோடியம் பென்சோவேற்று போடுவதென்றால் ஒழுங்குவிதியில் உள்ள அளவுக்குள், லேபிளில் எழுதிப் போடுங்கள். புளிப்பான பானத்தில்தான் அது வேலையும் செய்யும்.

விலையும் விற்பனையும்

போத்தல் விலையைப் பலர் சீனி, இஞ்சி கணக்கில் போடுகிறார்கள். என் கொப்பியில் இஞ்சியும் சீனியும் சேர்ந்து செலவில் பாதிகூட இல்லை. வெறும் போத்தல், மூடி, லேபிள், விறகு அல்லது காஸ், கரண்ட், ஓட்டோக் கூலி, நூறுக்கு ஐந்து உடைவு, அப்புறம் உங்கள் சொந்தச் சம்பளம். கடைசியைப் போடாமல் விடுகிறவர்கள்தான் இரண்டு வருடத்தில் மூடுகிறார்கள். கடைக்காரரின் பங்கையும் கழித்துப் பார்த்தபிறகு மிச்சம் வந்தால்தான் அது விலை.

கடைகளுக்கு முன் கூட்டங்களுக்குப் போங்கள். வைகாசியில் வற்றாப்பளைப் பொங்கல், ஆவணியில் மடுமாதா திருவிழா, அதே காலத்தில் வெளிநாட்டில் இருந்து சனம் வந்து நிற்கிற கலியாண வீடுகள். முறிகண்டியில் ஏ9 வீதியால் போகிற வாகனம் நின்று கும்பிட்டுவிட்டுத்தான் போகும், அங்கே கச்சான் விற்கிற அம்மாவுக்கு இரண்டு பெட்டி கொடுத்துவைத்தேன். உறைப்புக் கச்சானுக்குப் பிறகு குளிரான இஞ்சி என்று அவரே ஒரு கதை கட்டி விற்கிறார். நான் நினைத்தும் பார்க்காத விளம்பரம். திருவிழாவில் கெக்கில் இருந்து குவளையில் ஊற்றி விற்றால் போத்தல் செலவே இல்லை, ஆட்களின் முகத்தையும் பார்க்கலாம். முதல் வாய்க்குப் பிறகு குவளையைப் பார்க்கிறார்களா, பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்கிறார்களா என்று கவனியுங்கள். பக்கத்து ஆளிடம் நீட்டினால் சரி.

100 இல் இருந்து 300

கிழமைக்கு இரண்டு தொகுதி செய்தும் மூன்று மாதம் தொடர்ந்து சாமான் போதாமல் இருந்தால் மட்டும். அப்போது வாங்கவேண்டியது பெரிய சட்டி இல்லை, பெரிய குளிர். எங்கே நெரிபடுகிறதோ அங்கேதான் காசைப் போடவேண்டும், எனக்கு எப்போதும் நெரிபட்டது குளிரவைக்கிற இடத்தில். பால் சேகரிப்பு நிலையங்கள் மாற்றி விற்கிற பழைய பால் குளிரூட்டும் தாங்கி கிடைத்தால் யோசிக்காமல் போய்ப் பாருங்கள். எவர்சில்வர், உட்சுவருக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் குளிர்ச் சுருள், கழுவ வசதியான வடிவம். வெளிநாட்டுச் சின்னப் ப்ரூவரிகளும் இப்படித்தான் பழைய பால் சாமான்களைப் பிடிக்கின்றன. அமுக்கம் தாங்காது, அதற்குள் வாயு ஏற்றக்கூடாது, குளிரவைக்க மட்டும். வாங்க முன் தண்ணீர் நிரப்பி ஓடவிட்டு, எத்தனை மணி நேரத்தில் 4 பாகைக்கு வருகிறது என்று மணிக்கூட்டோடு நின்று பாருங்கள்.

ஆள் எடுப்பதென்றால் முதல் ஆளைக் கழுவுவதற்கு எடுக்காதீர்கள், கழுவுவது நீங்கள். நிரப்பவும் லேபிள் ஒட்டவும் கடைகளுக்குப் போகவும் எடுங்கள். கழுவுகிற வேலையைக் கையால் செய்துகொண்டிருக்கும்வரை எந்தத் திருகாணிக்குள் ஊத்தை பிடிக்கிறது என்று உங்களுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும்.

ஒவ்வொரு தொகுதியிலும் நாலு போத்தலை எடுத்து வைக்கவேண்டும். எந்த அளவுக்கு வளர்ந்தாலும் இதை விடக்கூடாது. இரண்டை பிரிட்ஜில், மற்ற இரண்டைக் கொட்டிலுக்குள் தடித்த மூடிபோட்ட பிளாஸ்டிக் பீப்பாவுக்குள், வெயில் சூட்டில், 30 நாள். இரண்டு நாளுக்கு ஒருதரம் அமத்திப் பார்த்துக் கொப்பியில் எழுதுங்கள். ஒன்று கல்லுப்போல இறுகினாலும் அந்தத் தொகுதி முழுவதையும் கடைகளில் இருந்து திருப்பி எடுக்கவேண்டும், எத்தனை பெட்டி என்றாலும். எனக்கு இதுவரை ஒரு தடவை நடந்தது, 160 போத்தலைத் திறந்து ஊறுகுழிக்குள் ஊற்றினேன். ஒரு ரப்பர் வளையத்துக்குள் இருந்த அழுக்குத்தான் காரணம்.

30 நாள் தாண்டிய பிரிட்ஜ் போத்தல் இரண்டும் எங்கள் வீட்டில் பக்கத்து வளவு ஆச்சிக்கு. வாங்கினதும் குடிக்கமாட்டா. முதலில் இரண்டு விரலால் அமத்திப் பார்ப்பா.